சருகு விழாத வீடு

அத்திக்கானலில் வீடுகளுக்குள் இலை உதிரத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். முதல் இலை பூசாரி பெத்தணன் வீட்டில், அவர் கைக்கும் வாய்க்கும் நடுவில் விழுந்தது. காய்ந்த நாவல் இலை. கூரை ஓட்டைப் பிளக்காமல், உத்திரத்தைத் தொடாமல், ஓட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கிளை ஒன்று அதை அவிழ்த்துவிட்டதைப் போல நிதானமாகச் சுழன்று வந்து இட்லியின் மேல் உட்கார்ந்தது. பூசாரி அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்ச இட்லியைத் தின்றார். இரண்டாவது இலை சட்னியில் விழுந்தபோது அவர் மனைவி, "சன்னலைச் சாத்தட்டா?" என்று மட்டும் கேட்டாள். அந்தச் சமையல் கட்டுக்குச் சன்னலே கிடையாது.

வைகாசி பிறப்பதற்குள் எல்லா வீட்டிலும் விழுந்தது. ஓட்டு வீட்டில் விழுந்தது, தகர வீட்டில் விழுந்தது, காப்பி விலை ஏறிய வருசத்தில் காங்கிரீட் போட்டவன் வீட்டிலும், மேலே பூசிய வெள்ளை கலையாமல் விழுந்தது. பெருக்கித் தள்ளினார்கள், பெருக்கப் பெருக்க விழுந்தது. வேட்டியை விரித்துப் பந்தல் மாதிரி கட்டினார்கள். வேட்டிக்கு அடியிலிருந்து விழுந்தது. கடைசியில் விளக்குமாறுகள் ஓய்ந்தன, சருகு கணுக்கால் அளவுக்கு ஏறியது, அடியிலிருந்த இலைகள் ஈரம் கோத்துக் கறுத்து மக்கி, வீடுகளுக்குள் மழை விட்ட காட்டின் வாசம் வந்தது. அந்த வாசத்துக்குப் பின்னால் பூச்சிகள் வந்தன.

எள்ளைவிடச் சற்று நீளமான பூச்சிகள், கறுப்பும் செம்மண் நிறமுமாக. வண்டு இனம்தான், ஆனால் பார்த்ததும் வண்டு என்று சொல்ல முடியாது. முதுகை மூடுகிற ஓடு முழுசாக இல்லாமல், சின்ன வயசில் தைத்த ரவிக்கையை வளர்ந்த பிறகும் போட்டிருப்பவளைப் போல மேலே ஒரு துண்டு மட்டும் மூடி, வயிறு முழுக்க வெளியே தெரியும். தொடப் போனால் தேளைப் போல வாலைத் தூக்கும், கொட்டாது. நசுக்கினால்தான் வினை, அதன் நீர் பட்ட இடமெல்லாம் மறுநாள் தீப்பட்டது போலக் கொப்புளம் கட்டும். ஊர் அதற்கு வால்தூக்கி என்று பேர் வைத்தது. ஆடி மாதத்துக்குள் கழுத்திலும் தோளிலும் சிவந்த கோடு இல்லாத ஆள் அத்திக்கானலில் குறைவு. பிறகு பழகிக்கொண்டார்கள். மேலே ஏறினால் அடிக்காமல் ஊதிவிட வேண்டும் என்று கைக்குழந்தைகளுக்கும் தெரிந்தது. பால் குடிக்கிற பிள்ளை முலையை விட்டுவிட்டு 'ஃபூ' என்று ஊதிவிட்டு மறுபடி குடித்தது.

மலையின் இடுப்பில் இருக்கிற ஊர் அது. மேலே காப்பியும் மிளகும் ஆரஞ்சும். ஊருக்குக் கீழே கானலம்மனின் காடு. காட்டின் கீழ் ஓரத்தில் எல்லைக்கல். அதைத் தாண்டி ஒற்றையடிப் பாதை இறங்கிப் போய் ஜீப் வந்து நிற்கிற ரோட்டைத் தொடும். ரோடு போய்ச் சேருகிற ஊரில் அரசு ஆஸ்பத்திரி. இப்படி இருக்கிற ஊர் எதையும் சீக்கிரம் வழக்கமாக்கிக்கொள்ளும். சோற்றுத் தட்டுக்கு மேல் முறத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் பழகினார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் ஒரு சருகுக் குவியலை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். பூனைகள் குட்டி போட வேறு இடம் தேடவில்லை. கொடியம்மா, ஊருக்கே கேட்கிற குரல் உள்ளவள், குழாயடியில் சொன்னாள்: "மெத்தை வாங்கித் தாய்யான்னு இந்த மனுசன்ட்ட கல்யாணமான நாள்லருந்து கேட்டேன். அம்மனுக்கே பொறுக்கல, மேல இருந்து கொட்டுறா."

"மெத்தையில பூச்சி இருக்கே அக்கா?"

"இருந்தா என்ன, அவரவிட அதுக பரவால்ல. ராவுல கொறட்ட விடல."

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் விழுகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. விழுகிற இலை அத்தனையும் நாவல் இலை. காட்டின் கீழ் ஓரத்தில், எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற நாவல் மரம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒச்சம்மாவுக்கு இரண்டு பெண்கள். புருசன் மிளகுக் கொடியில் ஏணி சரிந்து செத்த பிறகு அவள் தனியாக வளர்த்த பெண்கள். மூத்தவள் பவுனுத்தாய், இளையவள் ராக்கு. இலை விழத் தொடங்குவதற்கு முந்தின மாதம், பங்குனித் திருவிழாவில், பவுனுத்தாய் நிறை சூலியாக ஆத்தா வீட்டில் இருந்தாள்.

பங்குனியில் கானலம்மனுக்குக் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் இருக்கிற யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. சாவுக்கும் தாண்டியதில்லை, கல்யாணத்துக்கும் தாண்டியதில்லை. பவுனுத்தாய்க்கு டாக்டர் சொன்ன நாள் காப்பு அவிழ்ந்த பிறகுதான் வந்தது, ஆனால் வலி முந்திக்கொண்டது. காப்பு அவிழ்கிற நாளன்று காலையில், பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று பிரசவத்துக்குக் கைபார்க்கிற பெண்கள் கையை எடுத்துக்கொண்டபோது, அவள் புருசன் தவசி மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்து அவளைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல்வரை வந்துவிட்டான். அங்கே ஊர் நின்றது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. பாதையில்தான் நின்றார்கள்.

"நான் வேணாங்கல மாப்ள," என்றார் பெத்தணன். "எது வந்தாலும் ஊருக்கு வரும்ங்கறத மட்டும் சொல்றேன். பெத்தவ இருக்கா. அவ சொல்லட்டும்."

எல்லோரும் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் ஒருசேரத் தன்னைப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. புருசனில்லாத அவளுக்கு நட மிளகுக்கொடி கொடுத்த கண்கள், கூரை வேய்ந்து கொடுத்த கண்கள். ராக்குவை நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியதும் அந்தக் கண்களுக்கு நடுவில்தான்.

"சாயங்காலம் அவுத்துருவாக தாயி," என்றாள் மகளிடம். "அதுவரைக்கும் பொறுத்துக்க."

டோலியை நாவல் மரத்தடியில் இறக்கினார்கள். பவுனுத்தாய் சருகின் மேல் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலி விட்டுவிட்டு வந்தது. விட்ட நேரத்தில் அவள் தன் காலைச் சுற்றி ஓடிய வால்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று எங்கிருந்தோ பறந்து வந்து அவள் முழங்காலில் இறங்கி, தன் உடம்பைவிடப் பெரிய இறக்கையைத் தன் வாலாலேயே தள்ளித் தள்ளி அந்தச் சின்ன ஓட்டுக்குள் அடக்கிக்கொண்டது. "ஆத்தா, இதப் பாரேன்," என்றாள். "ஊருக்குப் போறவ பெட்டிக்குள்ள சேலைய அமுக்குற மாதிரி அமுக்குது." அதற்கப்புறம் அவள் எதையும் காட்டவில்லை. காப்பு அவிழ்க்கிற மேளம் கேட்டபோது ஒச்சம்மா மகளின் தோளைத் தொட்டு, "கேட்டுருச்சு தாயி, போலாம்" என்றாள். பவுனுத்தாய் அதைக் கேட்கவில்லை. பிள்ளை வெளியே வரவேயில்லை.

கானலம்மன் காட்டிலிருந்து அதுவரை ஒரு சருகைக்கூட யாரும் வெளியே எடுத்ததில்லை. காட்டை விட்டு வருகிறவர்கள் சேலையை உதறி, வேட்டியை உதறி, காலில் ஒட்டியதையும் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். ஆனால் அந்த மரத்தடிச் சருகில் ரத்தம் ஊறியிருந்தது, தீட்டு என்றார்கள். பவுனுத்தாயைப் புதைத்த கையோடு அந்த இடத்துச் சருகை முழுக்க வாரி, மண் தெரியப் பெருக்கி, எல்லைக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். ஈரச் சருகு, எரியாமல் புகைந்தது. தவசி அந்தப் புகையைப் பார்த்தபடியே கல்லைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனவன்தான், எந்தத் தோப்பிலோ காவல் இருக்கிறான் என்று சொன்னார்கள், திரும்பி வரவில்லை. ஊர் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது: "பெத்தவளே சொன்னா. நாம என்ன செய்ய முடியும்?" மழைக்கு ஒதுங்குகிறவர்களைப் போல எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்படி நின்றவர்கள் தலையில்தான் சித்திரையில் இலை விழத் தொடங்கியது.

ஒச்சம்மா வீட்டில் விழவில்லை.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் சருகு வாசலைத் தாண்டி வழிந்தபோதுதான், தன் வீட்டுத் தரை சாணி மெழுகிய கோடு அழியாமல் கிடப்பதைப் பார்த்தாள். ஒரு இலை இல்லை, ஒரு பூச்சி இல்லை. சாயங்காலங்களில் அவள் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்தாள். விழும், இன்றைக்கு விழும் என்று பார்த்தாள். பக்கத்து வீடுகளில் இலை இறங்குகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடத் தயங்குகிற சத்தம் போல, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ஊர் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தது. "ஒச்சம்மா ஊர்க்கட்டை மதிச்சவ. மக போனாலும் மீறல. அம்மன் அவ தரையச் சுத்தமா வச்சிருக்கா" என்றார்கள். அப்படியானால் அன்றைக்கு அவள் சொன்னது சரி. அவள் சொன்னது சரியென்றால் ஊர் நின்றதும் சரி. தங்கள் வீட்டு இலைக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு ஊருக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் தரையில் கிடத்தினார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் அவள் வாசலை மிதித்துவிட்டுப் போனார்கள். நடுவீட்டில் யாரோ ஒரு விளக்கை ஏற்றி வைத்தார்கள், அவள் அணைத்தாள், மறுநாளும் ஏற்றி வைத்தார்கள்.

மகளைத் தூக்கிப்போக விடாமல் தடுத்தது சரி என்று தினமும் பளபளவென்று சொல்கிற தரை. ஒச்சம்மாவால் அதன் மேல் கால் வைக்க முடியவில்லை. ஒருநாள் கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கொடியம்மா வீட்டுக்குப் போனாள்.

"ஒரு கூடை சருகு குடு மதினி."

"எருவுக்கா? பின்னால குவிச்சிருக்கேன், அள்ளிக்க."

"அது வேணாம். உள்ள கெடக்குறது. பூச்சியோட."

கொடியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். வாயில் வந்த கேலியை விழுங்கிவிட்டு, கட்டிலுக்கு அடியில் நன்றாக மக்கிய இடமாகப் பார்த்து, தானே வாரிக் கொடுத்தாள். ஒச்சம்மா அதைக் கொண்டுவந்து தன் நடுவீட்டில் பரப்பினாள், தண்ணீர் தெளித்தாள், அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். விடிந்தபோது அவள் கீழே வெறும் தரைதான் இருந்தது. சருகெல்லாம் ஒரு ஓரமாக நிலைப்படிக்கு நகர்ந்திருந்தது. அதன் முன்னால் வால்தூக்கிகள் வாலைத் தூக்கிக்கொண்டு, சாவு வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போகிற சம்பந்திகளைப் போல, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவள் மறுபடியும் கேட்டு வாங்கி வந்தாள். மறுபடியும் போயின.

ஐப்பசியில் கீழேயிருந்து ஒரு கல்லூரி டீச்சரம்மா வந்தாள். பூச்சிகளைப் படிக்கிறவள். ஒரு தகரப் புனலில் சருகைப் போட்டு, மேலே ஒரு பல்பை எரியவிட்டு, கீழே ஒரு சீசாவை வைத்தாள். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்த வால்தூக்கிகள் புனலுக்குள் கீழே கீழே இறங்கிச் சீசாவில் விழுந்தன. வீடு வீடாக அப்படிப் பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒச்சம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தாள். அந்த ஊரில் முறத்தைப் பிடிக்காமல் எதையும் குடிக்க முடிந்த வீடு அது ஒன்றுதான்.

"நல்ல பூச்சிங்கம்மா இது," என்றாள். "அழுகுறதுல புழு வைக்கும் இல்லையா, அந்தப் புழுவைத் தின்னும். இந்த மாதிரி சின்னச் சின்ன உசுருங்க இல்லேன்னா காட்டுல செத்தது எல்லாம் மண்ணாகாது. செத்தது செத்தபடியே கிடக்கும்."

"எங்க வீட்டுக்கு வர மாட்டேங்குதுக," என்றாள் ஒச்சம்மா.

"வராதது நல்லதுதானே?"

ஒச்சம்மா தம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டாள். கொல்லையில் வெகுநேரம் அந்த ஒரு தம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள்.

தையில் ராக்கு வந்தாள். அவளை வைகாசியிலேயே உள்ளூர்ச் சடையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம், வளையல் போட்டு ஆத்தா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அக்காவைப் போலவே அவளுக்கும் முகம் சிறுத்து வயிறு முன்னால் தள்ளியிருந்தது. ஒச்சம்மா அன்றைக்கே சொல்லத் தொடங்கினாள்: "மாசி கடைசியில கீழ போயிருவோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ரூம் பிடிச்சு இருப்போம். காப்புக் கட்டறதுக்கு முன்னால போயிருவோம்."

ராக்கு சிரித்தாள். "கீழ எதுக்கு? இந்தத் தரையில பிள்ளை பெறக் கொடுத்து வைக்கணும்னு ஊரே சொல்லுது. எங்க மாமியா வீட்ல இலைக்கு மத்தியில பெறச் சொன்னாத்தான் பயம்."

"ஊரு சொல்லும்டி."

"ஊரு மட்டுமா சொல்லுது? இலை விழலைல்ல? அப்ப அக்காவுக்கு நடந்தது அவ விதி. உன் மேல தப்பில்லன்னு அம்மனே சொல்லிட்டா. நீதான் ஒத்துக்க மாட்டேங்கிற."

ஒச்சம்மாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொன்னால் இவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. தன் ஆத்தா நல்லவள் என்று நம்புகிற உயிர் உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம். அவள் பூசாரியிடம் போனாள், மாப்பிள்ளையிடம் போனாள். மாப்பிள்ளை பூசாரியைப் பார்த்தான். பூசாரி தலையில் விழுந்த இலையை எடுத்துக்கொண்டே சொன்னார், "முன்னாலயே கூட்டிட்டுப் போறது தப்புன்னு எந்தக் கட்டும் சொல்லல தங்கச்சி. ஆனா நீயே போனா, ஊரு என்ன நெனைக்கும்? அந்தத் தரையையே நம்பாம ஒச்சம்மா ஓடுறாளேன்னு நெனைக்கும். பெறகு பிள்ளைகளத் தூக்கிட்டு வாரவுக எங்க போவாக?" இதமாகத்தான் சொன்னார். மாசி முடிந்தது. ராக்கு போகவில்லை, தான் ஒருத்தியாக அவளைத் தூக்கிக்கொண்டு போக ஒச்சம்மாவால் முடியவில்லை. காப்புக் கட்டினார்கள்.

வலி திருவிழாவின் நடுவில் வந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் ராக்கு அந்தச் சுத்தமான தரையில் புரண்டாள். வாசலில் பெண்கள் கூடி நின்று, அம்மன் பார்த்துக்கொள்வாள், இந்த வீட்டில் ஒன்றும் ஆகாது என்று மாறி மாறிச் சொன்னார்கள். காலையில் பனிக்குடம் உடைந்து பச்சை நிறத்தில் தண்ணீர் வந்தது. கைபார்க்கிறவள் அதை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு வருசத்துக்கு முன்னால் கையை எடுத்துக்கொண்டவர்களில் ஒருத்தி. அவள் ஒச்சம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

ராக்குவின் கண்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. "ஆத்தா," என்றாள். "இப்பவும் விழலைல்ல?"

"விழல தாயி."

"அப்ப ஏன் இப்படி வலிக்குது?"

ஒச்சம்மா எழுந்தாள். கம்பளியை எடுத்தாள். வாசலில் திருவிழாப் பந்தலுக்கு நட்டிருந்த மூங்கிலைப் பிடுங்கினாள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து, தோரணம் அறுந்து, நின்ற பெண்கள் விலகினார்கள். கட்டத் தெரியாமல் கட்டிய முடிச்சை, "விடு மதினி, இப்படியா கட்டுவ, பிள்ளத்தாச்சி நழுவிருவா" என்று சொல்லிக் கொடியம்மா வந்து அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஒரு முனையைச் சடையன் தூக்கினான். மறுமுனையைக் கொடியம்மா தோளில் வைத்தாள்.

எல்லைக்கல்லில் ஊர் நின்றது. போன வருசம் நின்ற அதே இடங்களில், யார் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்றது போல நின்றது. பக்கத்தில் நாவல் மரத்தடி மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. சுற்றிலும் காடு முழுக்கச் சருகு மூடியிருக்க, பெருக்கிய அந்த வட்டத்தில் ஒரு வருசமாக ஒரு இலையும் விழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி," என்றார் பெத்தணன். அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நான் வேணாங்கல. கொஞ்சம் நெனச்சுப் பாரு. இன்னைக்கு இவள விட்டா, அன்னைக்கு அவளையும் விட்டிருக்கலாம்னு ஆயிரும்ல?"

ஒரு வருசமாக வீட்டுக்கு வீடு உதிர்ந்துகொண்டிருந்ததை முதல்தடவையாக ஒரு வாய் சொல்லிவிட்டது. அதுவும் பூசாரியின் வாய். சொன்ன பிறகுதான் அவருக்கும் அது காதில் விழுந்தது.

"ஆமாண்ணே," என்றாள் ஒச்சம்மா. "விட்டிருக்கலாம்."

டோலிக்குள்ளிருந்து ராக்கு ஆத்தாவின் முகத்தைப் பார்த்தாள். எந்த முகத்தைப் பார்க்கப் பயந்து ஒச்சம்மா இத்தனை நாள் வாயை மூடியிருந்தாளோ அந்த முகம், அவள் பயந்தபடியே மாறியது. ஒச்சம்மா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொல்லியிருந்தா விட்டிருப்பீக," என்றாள். "நான் சொல்லல. நீங்க கேக்காம விட்டிருந்தாலும் அவ போயிருப்பா. நீங்களும் விடல. இப்ப வழிய விடுங்க."

பெத்தணன் நகர்ந்தார். பாதையை விட்டு இறங்கி, நாவல் மரத்தைப் பார்க்கத் திரும்பி, ஊருக்கும் டோலிக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் பாக்கல," என்றார் மரத்திடம்.

"அன்னைக்கும் நீங்க பாக்கலதான்," என்றாள் கொடியம்மா. "போ சடையா. காலப் பாத்து வையி."

கல்லைத் தாண்டினார்கள். இடி விழவில்லை, காற்றுகூட எழவில்லை. கொஞ்ச தூரத்தில் கொடியம்மாவின் மூச்சு இரைத்தபோது பின்னாலிருந்து ஒருவன் ஓடி வந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். அவன் மாறியபோது இன்னொருவன். அப்படி அப்படியே பாதி ஊர் எல்லையைத் தாண்டி அந்தப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. தோளை மாற்றுகிற ஒவ்வொருவனும் "விட்டிருக்கலாம்" என்றான். யாரிடமும் சொல்லவில்லை, பாரம் தூக்குகிறவன் மூச்சோடு விடுகிற சத்தமாகத்தான் அது வந்தது. ஜீப் நிற்கிற ரோடுவரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. ராக்கு கத்தினாள், அழுதாள், தண்ணீர் கேட்டாள். ஆத்தாவைக் கூப்பிடவில்லை. டோலிக்குப் பக்கத்தில் ஒச்சம்மாவின் கை தொங்கிக்கொண்டே வந்தது. அதை அவள் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. நீலமாக வந்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டிய பிறகு அழுதது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், என்று டாக்டர் தொடங்கி, ஒச்சம்மாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டார்.

திருவிழா முடியும்வரை, தாண்டியவர்கள் ஊருக்குள் திரும்ப முடியாது என்பதால் பாதி அத்திக்கானல் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் பொட்டலச் சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. மேலேயிருந்து சேதி வந்தது: மழை பெய்தது, கானலம்மன் தேர் ஆள் பற்றாமல் மெதுவாக நகர்ந்தது, வீடுகளில் இலை விழுவது நிற்கவில்லை. நிற்கும் என்று எதிர்பார்த்த ஒன்றிரண்டு பேர் ஏமாந்தார்கள். கொடியம்மா, "நின்னுட்டா மட்டும்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனாள். ஒச்சம்மா தன் வீட்டைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் ராக்கு பேசினாள். பிள்ளையை நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, "அதுட்ட குடுங்க" என்று ஆத்தாவின் பக்கம் மோவாயை மட்டும் காட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒச்சம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிள்ளை சூடாக இருந்தது. சின்ன வாயைத் திறந்து எதையோ தேடியது.

"முதல் பேத்தியா பாட்டி?" என்று கேட்டாள் நர்சம்மா, தலையணையைச் சரிசெய்துகொண்டே.

"இல்லம்மா," என்றாள் ஒச்சம்மா. "ரெண்டாவது பிள்ளை."

"மூத்தது எங்க, ஊர்லயா?"

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த ராக்குவின் முதுகு அசையாமல் நின்றது. ஒச்சம்மா பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

"அத வர விடல," என்றாள். "நாந்தான்."